முடிவெடுப்பதும் எடுத்த முடிவில் நிற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் பாசனத்தில் வாழ்கிறவர்களுக்கு முடிவெடுப்பது கொஞ்சம் தனிச் சிக்கல். தண்ணீர் எப்போது வரும் என்பது மேட்டூர் கையில், மேட்டூர் நிரம்புவது குடகு மழை கையில், நெல்லுக்கு விலை வேறு யாரோ கையில். இதெல்லாம் போக மீதி இருப்பதில்தான் நாம் முடிவெடுக்கிறோம், அது சின்னதாக இருப்பதாலேயே கவனமாக எடுக்க வேண்டியிருக்கிறது. வயல், கடன், பிள்ளைகள் படிப்பு, வெளிநாட்டு வேலை, ஜாமீன் கையெழுத்து என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விவசாயம் இல்லாதவர்களும் படிக்கலாம், பாதிக்கு மேல் வீட்டு விவகாரம்தான்.

தண்ணீர் வருமா என்றே தெரியாதபோது குறுவை (ஜூனை ஒட்டி விதைக்கிற குறுகிய கால நெல்) போடுவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது?

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. இப்படி முன்னும் பின்னும் போகிற ஒன்றை வைத்துக்கொண்டு "இந்த வருடம் திறப்பார்களா" என்று டீக்கடையில் தினமும் பேசினால் நாள்தான் போகும். கேள்வியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதிக்குள் என் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் குறுவை போடுவேன், அந்தத் தேதி தாண்டினால் என்ன செய்வேன்?

தேதியைக் கண்டுபிடிக்க அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறுவை ரகங்கள் பெரும்பாலும் 105 முதல் 120 நாள் வயது. ஜூன் கடைசியில் விதைத்த 110 நாள் பயிர் அக்டோபர் நடுவில் அறுப்புக்கு நிற்கும், வடகிழக்குப் பருவமழையும் அந்தச் சமயத்தில்தான் தொடங்கும். அறுத்து, காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ப் போடும்வரை மழை பிடிக்காமல் இருக்க வேண்டும், பிடித்துக்கொண்டால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைவிடும். வயல் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசியில், இருந்தால் கல்லணையிலிருந்து தண்ணீர் அங்கே வந்து சேரவும் நாள் பிடிக்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். பம்புசெட் இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் நாற்றங்காலை முன்னதாகவே விட்டுவிடலாம்.

தேதி தாண்டினால் சம்பா, அதாவது அதற்கு அடுத்து வரும் நீண்ட நாள் நெல். அதற்கும் ஒரு தேதி உண்டு. சி.ஆர். 1009 மாதிரி 155, 160 நாள் ரகத்துக்கு ஆகஸ்டில் விதை விட்டாக வேண்டும், அதுவும் தள்ளிப்போனால் 130 நாள் சுமாரில் வரும் மத்திய கால ரகத்துக்கு மாற வேண்டியதுதான். ஆக உங்கள் முடிவு மூன்று வரி: இந்தத் தேதிக்குள் வந்தால் இது, தாண்டினால் அது, அதுவும் தாண்டினால் இன்னொன்று. இதை ஜூன் பிறக்கும் முன்பே எழுதி, விதை வாங்கப் போகிற ஆளுக்கும் தெரியப்படுத்திவிட்டால் பிறகு தினமும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். "பார்ப்போம் பார்ப்போம்" என்றே இருந்துவிட்டு, பக்கத்து வயல்காரர் விதை விட்ட அன்று பதறியடித்து ஓடுகிறவர்களுக்கு நல்ல விதை கிடைப்பதில்லை, கடையில் மிஞ்சியதைத்தான் வாங்கி வருகிறார்கள். ரகத்தையும் அங்கே கடைக்காரர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

யோசித்துத்தான் செய்தேன், ஆனாலும் நஷ்டம். அப்படியென்றால் முடிவு தப்புதானே?

கட்டாயம் அப்படி இல்லை. 2023-இல் மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள். நம்பித்தான் விதைத்தார்கள். அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை குறைந்தது, தண்ணீர்ப் பங்கீடு மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைமடையில் குறுவை கருகியது. ஜூனில் அந்த விவசாயிக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் விதைத்தது நியாயமான முடிவு. செப்டம்பரில் தெரிந்ததை வைத்து ஜூன் மாதத்து ஆளைத் திட்டுவது சரியில்லை, அந்த ஆள் நீங்களே ஆனாலும்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. மோசமாக எடுத்த முடிவு அதிர்ஷ்டத்தில் நன்றாக முடிந்துவிட்டால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரசீது இல்லாமல் யாரோ ஒருவரிடம் விதை வாங்கி, அது ஒரு போகம் நன்றாக விளைந்துவிட்டால் அடுத்த போகமும் அவரிடமே போகிறோம். தண்ணி போட்டுவிட்டு வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்தவர் மறுநாளும் ஓட்டுகிறார். முடிவை எடைபோடும்போது மூன்றாகப் பிரியுங்கள்: எனக்கு அன்றைக்குத் தெரிந்தது என்ன, ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியது என்ன, யாருக்குமே தெரிந்திருக்க முடியாதது என்ன. திருத்த வேண்டியது நடுவில் இருப்பதை மட்டும். மூன்றாவதற்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை எவ்வளவு நேரம் யோசிக்கலாம்?

திரும்பப் பெற முடியுமா முடியாதா என்பதைப் பொறுத்தது. செல்போன், சேலை, பிள்ளைக்கு எந்த டியூஷன் என்பதெல்லாம் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளக் கூடியவை, அரை மணி நேரம் போதும். நிலத்தை விற்பது, கல்யாணம், பெரிய கடன், ஊரை விட்டுப் போவது ஆகியவற்றுக்கு வாரக்கணக்கில் யோசிக்கலாம், யோசிக்கவும் வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கும்பகோணத்தில் பட்டுச்சேலைக்கு நாள் முழுக்க ஏறி இறங்குகிறோம், பத்திரத்தில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம்.

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர், 1978-இல் பொருளாதார நோபல் பெற்றவர், மனிதர்கள் எல்லா வழிகளையும் அலசி ஆகச் சிறந்ததைப் பிடிப்பதில்லை, தங்களுக்குப் போதுமான ஒன்று கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று காட்டினார். சின்ன விஷயங்களுக்கு அந்த வழி தாராளமாகப் போதும். 'போதும்' என்றால் எது என்பதைக் கடைக்குள் நுழையும் முன் முடிவு செய்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

கடன் நெருக்கும்போது மூளையே வேலை செய்வதில்லை. அப்போது எடுக்கிற முடிவுகள்தான் பின்னால் கழுத்தை நெரிக்கின்றன. என்ன செய்வது?

முதலில் ஒன்று, இது உங்கள் குணக்கோளாறு இல்லை. நமக்கு வடக்கே, விழுப்புரம் திருவண்ணாமலை மாவட்டங்களில், 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கரும்புக்காரர்களுக்குக் கரும்பு வெட்டு முடிந்துதான் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் அடகு, கைமாற்று என்று இழுபறி, வெட்டுக்கு அப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே ஆட்களிடம் இரண்டு சமயத்திலும் புத்திக் கூர்மையைச் சோதிக்கும் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கையில் பணமில்லாத மாதங்களில் அவர்கள் செய்தது தெளிவாகவே குறைந்திருந்தது. ஆள் அதே ஆள்தான், கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இதை நம் மாதங்களோடு பொருத்திப் பாருங்கள். ஜூன், ஜூலையில் பள்ளிக்கூடக் கட்டணமும் சாகுபடிச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும், தீபாவளியை ஒட்டி இன்னொரு நெருக்கடி. சம்பா, தாளடி (குறுவை அறுத்த வயலில் இரண்டாவதாகப் போடுவது) நெல்லுக்குப் பணம் வந்தபிறகு மாசி, பங்குனியில்தான் வீட்டில் நிதானம். அதனால் பெரிய முடிவுகளை முடிந்தவரை அந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள். அதோடு, நெருக்கடி மாதத்துக்கான விதிகளையும் அப்போதே எழுதிவையுங்கள்: எந்த நகை அடகுக்குப் போகலாம், எது எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது, முதலில் எந்த சொசைட்டிக்குப் போவது, யாரிடம் கைமாற்று கேட்கலாம், மீட்டர் வட்டிக்கு எந்த நிலையிலும் போவதில்லை என்று. (கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டி வசூலிக்க வந்தால் புகார் கொடுக்கலாம் என்பது பல வீடுகளுக்கு இன்னும் தெரியவில்லை.) ஆடி மாதத்தில் பதறிக்கொண்டு நிற்கும் ஆளுக்குப் பங்குனியில் தெளிவாக இருந்த ஆள் எழுதிக்கொடுத்த சீட்டு அது, நம்பலாம்.

அப்படியும் நெருக்கடியில்தான் முடிவெடுத்தாக வேண்டுமென்றால், தொகையைச் சின்னதாகவும் தவணையைக் குறுகியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "இன்றைக்கே போட்டால்தான்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் அன்றைக்குப் போடவே வேண்டாம்.

வீட்டில் யார் யாரைக் கேட்பது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

முடிவின் சுமை யார் தலையில் இறங்குமோ அவர்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஊரும் சொந்தமும் யோசனை சொல்லலாம், ஓட்டு அவர்களுக்கு இல்லை. பணம் புரட்ட அம்மாவின் நகைதான் போகிறது என்றால் அம்மாவைக் கேட்காமல் அப்பாவும் பிள்ளையும் திண்ணையில் பேசி முடித்துவிடுவது நியாயமே இல்லை, ஆனால் நம் பக்கத்தில் அதுதான் அதிகம் நடக்கிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு வளைகுடாவில் வேலை, ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார், மூன்று மா நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்த மருமகள் பிள்ளையின் கணக்கு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க, கேட்டு எழுதிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். சம்பளம் எவ்வளவு, அதில் சாப்பாடு தங்கல் போக வீட்டுக்கு எவ்வளவு வரும், மூன்று லட்சம் திரும்ப எத்தனை மாதம் ஆகும், ஏஜென்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அதுவரை ஓரமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "பணத்தைக் கொடுத்தும் தம்பி போகலேன்னா, அது நமக்கு எப்ப தெரியும்?"

அந்தக் கேள்விதான் பேச்சைத் திருப்பியது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மறுநாள் பார்த்தார்கள், அந்தப் பெயரில் பதிவே இல்லை. நிலம் நின்றது. பதிவுள்ள வேறோர் இடத்தில் முயற்சி செய்வது, செலவுக்கு நகைக்கடன், அதுவும் இன்ன தொகை வரைதான், தைக்குள் விசா வராவிட்டால் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போவது என்று அதே நோட்டில் எழுதினார்கள். பையனும் கையெழுத்துப் போட்டான்.

மாமியார் கேட்டது தற்செயலாக வந்த கேள்வி. ஆனால் கேரி கிளைன் என்ற உளவியலாளர் இதையே ஒரு முறையாகச் சொல்லித்தருகிறார்: முடிவெடுத்தபின், ஒரு வருடம் கழிந்து எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் கெட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். "கெடுமா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அபசகுனமாகப் பேசுகிறோமோ என்ற தயக்கம். "கெட்டுவிட்டது, ஏன்?" என்று கேட்டால் மனதில் கிடந்தது வெளியே வரும். சின்னவர்களை முதலில் பேசவிடுங்கள், பெரியவர் வாய் திறந்தபின் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

அனுபவசாலிகள் யோசிக்காமலே சொல்லிவிடுகிறார்களே, மனசு சொல்வதை நம்பலாமா?

எந்த விஷயத்தில் என்று பாருங்கள். களத்தில் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தே இது காய்ந்துவிட்டது, இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று சொல்கிற பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் கருவி 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காட்ட வேண்டும், இவர்கள் சொல்வது பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். காரணம், அறுவடைக்கு அறுவடை கடித்துப் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் சரியா தப்பா என்று உடனே தெரிந்திருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் நான் மேலே சொன்ன கிளைனும் உள்ளுணர்வு விஷயத்தில் எதிரெதிர் கட்சிக்காரர்கள், 2009-இல் சேர்ந்து எழுதியபோது ஒத்துப்போன இடமும் இதுதான்: ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நடக்கிற, விளைவு சீக்கிரம் தெரிகிற வேலையில் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம்.

அதே பெரியவர் "இந்த மனை இன்னும் இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும் என்று மனசு சொல்கிறது" என்றால் அந்த மனதுக்கு அதில் பயிற்சி இல்லை. மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குணம் சொல்வதும் அப்படித்தான். மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் விசாரியுங்கள்.

நல்ல நாள் பார்க்காமல் எதுவும் செய்வதில்லை எங்கள் வீட்டில். அது முடிவுக்கு உதவுமா?

தொடங்குவதற்கு உதவும். ஒரு நாள் குறித்துவிட்டால் வீடு முழுக்க அதை நோக்கி நகரும், தள்ளிப்போடுவது குறையும். செய்வதா வேண்டாமா என்பதை மட்டும் நாளிடம் விடாதீர்கள். அதை முதலில் முடித்துவிட்டு நாள் குறிக்கப் போங்கள்.

முடிவெல்லாம் எடுத்துவிடுகிறேன், செய்வதுதான் இல்லை. நடைப்பயிற்சி, சேமிப்பு, குடியை விடுவது, எதுவும் ஒரு வாரம் தாண்டுவதில்லை.

"இனிமேல் சேமிக்கணும்" என்பது ஆசை. அதில் நாளும் இல்லை, இடமும் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். ஓர் ஆய்வில் மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் சொன்னபடி எழுதியவர்கள், அப்படிக் குறிக்காதவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மன உறுதியில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே முடிவை 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். பால் பணம் கைக்கு வந்ததும், வீட்டுக்குப் போகும் முன், தபால் நிலையத்தில் ஆர்.டி. கட்டுவேன். காலையில் மோட்டார் போட்டதும் தொட்டி நிரம்பும்வரை வாய்க்கால் கரையில் நடப்பேன். சாயங்காலம் அந்தக் கடை இருக்கிற தெரு வழியாக வரமாட்டேன், கோயில் பக்கம் சுற்றி வருவேன். கடைசி ஒன்றில் ஒரு விஷயம் கவனியுங்கள்: கடை வாசலில் நின்று மனதோடு மல்லுக்கட்டுவதற்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறது. (நாள்பட்டுக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வலிப்புக்கூட வரலாம். அவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.)

இன்னொருவரிடம் சொல்லிவைப்பதும் உதவும், ஆனால் எல்லோரிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் முப்பது பேருக்கு அறிவித்து வாழ்த்து வாங்கிக்கொண்டதோடு பலருக்கு வேகம் தீர்ந்துபோகிறது. வாரா வாரம் "என்ன ஆச்சு?" என்று கேட்கக்கூடிய ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்.

எந்த வழியையும் அடைக்காமல், எல்லாவற்றையும் திறந்து வைத்திருப்பது பாதுகாப்புதானே?

அப்படித்தான் தோன்றும். டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்படம் கற்றுக்கொண்ட மாணவர்களிடம், அவர்கள் எடுத்த இரண்டு நல்ல படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு பகுதியினரிடம் இதுதான் முடிவு, மாற்ற முடியாது என்று சொன்னார்கள். மற்றவர்களிடம் சில நாள் வரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்ற முடியாதவர்களுக்குத்தான் தங்கள் படம் அதிகம் பிடித்துப்போனது. மாற்ற வழி இருந்தவர்கள் எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று ஊசலாடிக்கொண்டே இருந்துவிட்டார்கள். இத்தனைக்கும் முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலோர் கேட்பது மாற்றிக்கொள்ளும் வழியைத்தான்.

கல்லூரிச் சேர்க்கைக் கவுன்சலிங்கில் மகள் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்துவிட்டாள் என்று வையுங்கள். அதற்குப் பிறகும் முதல் செமஸ்டர் முழுக்க "அந்தக் காலேஜ் போட்டிருக்கலாமோ" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே பேசிக்கொண்டிருந்தால், பிள்ளை படிக்கிற இடத்தில் வேர் பிடிக்காது. சேர்ந்த பிறகு அந்தப் பேச்சை வீட்டில் நிறுத்திவிடுங்கள். உறவினர் வந்து கிளப்பினாலும் "சேர்த்தாச்சு, நல்லா படிக்கிறா" என்று முடித்துவிடுங்கள்.

அப்படியென்றால் எடுத்த முடிவை மாற்றவே கூடாதா?

மாற்றலாம், எப்போது மாற்றுவது என்று முன்பே குறித்து வைத்திருந்தால். ஏனென்றால் நடுவழியில் நம் கண்ணை மறைப்பது ஏற்கெனவே போட்ட பணம். போர்வெல் போடுகிற வண்டி வந்து நிற்கிறது, பேசிய ஆழத்தில் தண்ணீர் இல்லை, இருக்கிற தண்ணீரும் கடற்கரைப் பக்கமென்றால் உவர்ப்பு. வண்டிக்காரர் "இன்னும் ஐம்பது அடி போட்டுப் பார்ப்போமா அண்ணே" என்கிறார். இவ்வளவு போட்டாச்சே என்று தலையாட்டுகிறோம். அங்கே நின்றுகொண்டு யோசித்தால் தலையாட்டத்தான் தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். வண்டி வருவதற்கு முந்தின நாளே "இத்தனை அடி, இத்தனை ரூபாய், அதற்கு மேல் ஒரு அடிகூட இல்லை" என்று முடித்து, அந்தப் பணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

அரசுத் தேர்வுக்கு வருடக்கணக்கில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன், கொஞ்சம் இளக்கமாக. குரூப் 4 எழுதுவது நல்ல முடிவு. எத்தனை முறை எழுதுவது, மதிப்பெண் எவ்வளவு ஏறினால் தொடர்வது, ஏறாவிட்டால் என்ன வேலைக்குப் போவது என்பதை முதல் தடவை விண்ணப்பிக்கும்போதே பிள்ளையும் பெற்றவர்களும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் ஒவ்வொரு முடிவு வெளியாகும்போதும் வீட்டில் சண்டை, இருபத்தெட்டு வயதில் பிள்ளை வெளியே தலைகாட்டாமல் உள்ளேயே கிடக்கிறது. அது வேதனை, அந்த வேதனை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

குறித்த எல்லை வராதவரை முடிவைத் தொடாதீர்கள். சோர்வு, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு, ஒரு மோசமான நாள், இவை எதுவும் எல்லை இல்லை. எதிர்பாராத புதிய உண்மை தெரியவந்தால் மட்டும் விதிவிலக்கு.

பெரிய அடி விழுந்தபின், புயலோ மரணமோ, உடனே முடிவெடுக்கலாமா?

அவசர வேலைகளை உடனே செய்யுங்கள், திரும்பப் பெற முடியாததைத் தள்ளிவையுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும், அப்பா வைத்த மரத்தைப் பிள்ளை பறித்துத் தின்கிற பயிர் அது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவது, கணக்கெடுப்பில் பெயர் சேர்ப்பது, கூரை மாற்றுவது எல்லாம் அன்றைக்கே செய்ய வேண்டியவை. தோப்பை விற்றுவிட்டு ஊரை விட்டே போகலாம் என்பது அந்த வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவு இல்லை. வீட்டில் யாராவது தவறிவிட்டாலும் சொத்துப் பிரிப்பது, வீட்டை விற்பது பற்றிய பேச்சைச் சில மாதமாவது தள்ளிப்போடுவது நல்லது. "இப்ப வேண்டாம், திதி கழியட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதில் நல்ல நிதானம் இருக்கிறது.

பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டி ஒன்றும் வரவில்லை. மறுபடி கட்டுவதா?

கட்டுங்கள். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், சமீப ஆண்டுகளில் நம் பக்கம் ஏக்கருக்கு 500, 600 ரூபாய்க்குள் வருகிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு நாளுக்கு முன்னால் இந்தத் தொகை பெரிதில்லை. மகசூல் இழப்பை வருவாய்க் கிராம அளவில் அறுவடைப் பரிசோதனை வைத்துக் கணக்கிடுவதால், உங்கள் வயல் மட்டும் கெட்டு ஊர் நன்றாக விளைந்திருந்தால் பணம் வராமல் போகலாம். அந்த வருத்தம் நியாயமானது, அதைப் பற்றி அதிகாரிகளிடம் பேசவும் வேண்டும், ஆனால் கட்டுவதை நிறுத்த அது காரணம் ஆகாது. கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று காத்திராமல் அக்டோபருக்குள் அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்கிக் கட்டிவிடுங்கள்.

மச்சான் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் உறவு கெடும், போட்டால் பயமாக இருக்கிறது.

"மாமா, ஒரு கையெழுத்துதானே" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு என்கிறது. அவர் கட்டாவிட்டால் வங்கி முதலில் அவரை விரட்டிப் பிடித்துவிட்டு அப்புறம்தான் உங்களிடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நேராக உங்களிடமே வரலாம். எனவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த முழுத் தொகையையும் நானே கட்ட வேண்டி வந்தால் என்னால் முடியுமா, கட்டிய பிறகும் இவரோடு முகம் கொடுத்துப் பேசுவேனா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வேண்டாம்.

மறுப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம் மாப்ளே" என்று வாரக்கணக்கில் இழுத்து, அவர் வங்கியில் தேதி வாங்கிய பிறகு சொன்னால்தான் உறவு கெடும். காரணம் அடுக்கவும் வேண்டாம், ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். "ஜாமீன் போடுறதில்லைன்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணி வச்சிருக்கோம் மாப்ளே, யாருக்குமே போடுறதில்லை. என்னால இவ்வளவு தர முடியும், திருப்பித் தர முடிஞ்சப்போ தாங்க" என்று, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தத் தொகையை முந்தின நாள் ராத்திரியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.